இருபத்தாறாம் வாரம்

ஜூன் 9, புதன்

பின்னிஷ் வகுப்பு அம்மையார் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். பின்னிஷில்தான் எழுத வேண்டுமாம். பதினைந்து வேற்றுமைகளையும் சரிபார்த்து "இன்று மழை" என்று எழுதி முடிப்பதற்குள் மழை நின்றுவிடுகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். அம்மையார் கேட்டால் நோட்டை நாய் தின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். எங்களிடம் நாய் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு வேலை தெல்விக் நிறுவனத்தில். இந்தக் குளிர்தேசங்கள் ஐந்திலும் ஃபோன் இணைப்பு, இண்டர்நெட், டிவி எல்லாம் விற்கும் பெரிய கடை அது. ஹெல்சிங்கியில் அதன் கட்டடத்தில் முதல் மாடி செய்திப் பிரிவு. ஏழு மணிச் செய்திக்குப் படம் வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. மூன்றாம் மாடி நெட்வொர்க். அங்கே என் மனைவி பூங்கொடி. பின்லாந்து எஞ்சினியர்கள் எந்த ஊர்க் கருவியை எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அவள் அதைச் சென்னையில் இருக்கும் கூட்டாளி நிறுவனத்துக்குச் சொல்வாள். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கும் ரெக்ஸ்லினும் அவள் ஆட்களும் அங்கிருந்தபடியே இந்த ஊர் ஏரிக்கரை டவரைத் திருகுவார்கள்.

இரண்டு மாடிக்கும் நடுவே "சுவர்" என்று ஒன்று உண்டு. செங்கல் சுவர் இல்லை, விதி. மேலே நடப்பதைக் கீழே சொல்லக்கூடாது, கீழே எடுப்பதை மேலே காட்டக்கூடாது. சொந்த நிறுவனத்தைப் பற்றியே செய்தி போடும் மானஸ்தர்கள் என்று இவர்களுக்குப் பெருமை. பூங்கொடியின் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். அதனால் நாங்கள் புருசன் பெண்டாட்டி என்று முதல் மாடியில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் கேட்காததைச் சொல்வது மரியாதைக் குறைவு.

இவர்களின் இன்னொரு வினோதம் வார எண். தேதி சொல்லவே மாட்டார்கள். "இருபத்தெட்டாம் வாரம் விடுமுறை", "நாற்பதாம் வாரம் குழந்தை பிறக்கும்". கல்யாணப் பத்திரிகையில்கூட வார எண்தான் போடுவார்களோ என்னவோ. பூங்கொடியின் வேலையில் பாதி, இந்த வார எண்ணைத் தேதியாக மாற்றிச் சென்னைக்கு எழுதுவது. அதற்கு எதற்குப் பட்டப்படிப்பு என்று கிண்டல் செய்வேன். முறைப்பாள்.

ஜூன் 16, புதன்

பக்கத்து வீட்டு ஏஸ்கோ, யுஹான்னுஸ் விடுமுறைக்குத் தன் ஏரிக்கரை வீட்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். யுஹான்னுஸ் இவர்களுடைய கோடைத் திருவிழா. அன்றைக்கு நாடே நகரத்தைப் பூட்டிவிட்டு ஏரிகளுக்குப் போய்விடும். ஏஸ்கோ வடக்கே மகள் வீட்டுக்குப் போகிறார். ஐந்து மணி ரயிலுக்கு முன்னால் ஸ்டேஷனில் வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

பூங்கொடிக்கு இன்று வீட்டிலிருந்து வேலை. நாலரை ஆகியும் ரெக்ஸ்லினோடு ஃபோன். நான் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "ஆமா ரெக்ஸ்லின், இருபத்தாறுதான். வெள்ளிக்கெழம காலைல. செரி வெச்சிடறேன், இங்கொருத்தர் குதிக்கறாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். டிராமில், "ஒரு மெயில் எழுதோணுங்க" என்றாள். வந்து எழுதிக்கொள்ளலாம் என்றேன். ஏஸ்கோவைப் பிடித்துவிட்டோம். திரும்பி வந்து துணி மடித்தோம், நாலு நாளைக்கு என்னென்ன சமைப்பது என்று சண்டை போட்டோம், தூங்கிப்போனோம்.

ஜூன் 24, வியாழன்

ஏரிக்கரை வீடு. கழிப்பறை தனியாகக் காட்டுக்குள் நிற்கிறது. கொசு நம் ஊர்க் கொசுவுக்குப் பெரியப்பா. பூங்கொடி அரிசியும் பருப்பும் மட்டுமல்லாமல் கல்லையும் கொண்டுவந்திருக்கிறாள். தோசை ஊற்றினாள். எதிர்க்கரையில் யாரோ விறகு அடுக்கினார்கள். நாளைக்குச் சொக்கப்பனை மாதிரிக் கொளுத்துவார்களாம்.

ஜூன் 25, வெள்ளி. யுஹான்னுஸ் தினம்

காலை பத்தேகாலுக்கு என் ஃபோனில் இணைப்பு போனது. நிம்மதி என்று கவிழ்த்து வைத்தேன். பூங்கொடி தன் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். படகுத்துறை வரைக்கும் நடந்து, தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரேடியோவைத் திருகினாள். பாட்டுதான் வந்தது.

"அடுத்த வாரந்தான... அடுத்த வாரந்தான" என்று இரண்டு தடவை சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

"என்ன புள்ள?"

"வண்டிய எடுங்க."

"எங்க?"

"சிக்னல் வர எடத்துக்கு. எடுங்கன்னு சொல்றேன்ல."

அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எடுத்தேன். காட்டுப் பாதை, அப்புறம் தார்ச்சாலை. ஒவ்வொரு வளைவிலும் ஃபோனைப் பார்த்தாள். ஒரு மேட்டில் எதிரே பைக்கில் வந்த ஒரு கிழவர் கையைக் காட்டி நிறுத்தி, உங்கள் ஃபோன் வேலை செய்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கேட்டுவிட்டுப் போய்விட்டார். அரைமணி நேரத்துக்குமேல் ஓட்டி ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும் அவள் கைபேசி கிணுகிணுவென்று அடித்தது. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கதவைத் திறந்தாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேசினாள், கையை வெட்டி வெட்டிப் பேசினாள். அப்புறம் குத்துக்கல் மாதிரி நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே போய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிவந்தேன். அவளுடையது கையிலேயே உருகியது.

மத்தியானத்துக்குமேல் எல்லா ஃபோனும் வந்தது. "என்ன ஆச்சு?" என்றேன். "யாரோ நாள் மாத்திப் பண்ணிட்டாங்க" என்றாள். சுவர் விதி எனக்கும் தெரியும். அதற்குமேல் கேட்கவில்லை. சாயங்காலம் எதிர்க்கரையில் தீ கொளுத்தினார்கள். அவள் உள்ளேயே இருந்தாள்.

ஜூன் 28, திங்கள்

இன்று மர்யுத் கொண்டுவந்த படங்களை வெட்டினேன். மர்யுத் எங்கள் நிருபர். ஆறடி உயரம், எந்நேரமும் கேரட் கடிப்பாள், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏரிப்பகுதி முழுவதும் மூன்று மணி நேரம் தெல்விக் ஃபோன்கள் செத்துக் கிடந்தன. அவசர எண்ணை அழைத்தால் பக்கத்தில் வேறு நிறுவன டவர் இருந்தால் அது எடுத்துக்கொள்ளும். ஒரு கரையில் வேறு டவரே இல்லை. அங்கே பாவோ என்ற பெரியவருக்குக் காப்பி குடிக்கும்போதே வாய் கோணிவிட்டது, பக்கவாதம். அவர் மனைவி அவுனேவுக்கு எண்பத்தொரு வயது. திரும்பத் திரும்ப ஃபோன் போட்டுப் பார்த்துவிட்டு, துடுப்புப் படகை எடுத்து எதிர்க்கரைக்கு வலித்துப் போயிருக்கிறார். அங்கே கார் வைத்திருந்தவரைக் கூட்டிக்கொண்டு, சுற்றுப்பாதையில் திரும்பி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. பாவோ உயிரோடு இருக்கிறார். பேச்சில்லை.

மர்யுத் அவுனேவைப் படகில் உட்காரவைத்து எடுத்திருக்கிறாள். அவுனே அழவில்லை. "துடுப்பு வலிக்கும்போது போகும் கரையைப் பார்க்க முடியாது அல்லவா, முதுகு அந்தப் பக்கம் இருக்கும். அவரை விட்டு வந்த கரையைத்தான் பார்த்துக்கொண்டே போனேன்" என்கிறார். அந்த வாக்கியத்தை முழுசாக வைத்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது இதை ஃபோனில் போட்டுக் காட்டிச் சொன்னேன். ஏழு மணிச் செய்தியில் வந்துவிட்டதால் சொல்லலாம். "எவனோ ஒரு மடையன் திருவிழா நாள்ல கைய வெச்சிருக்கான்" என்றேன். பூங்கொடி தட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அந்தப் பெரியவரு பேசறாருங்களா?"

"இல்ல."

எழுந்து போய்க் கை கழுவினாள். சோறு அப்படியே இருந்தது. வயிறு சரியில்லை என்றாள். ஏரித் தண்ணீராக இருக்கும்.

ஜூன் 30, புதன்

நிறுவனத்தின் அறிக்கை வந்தது. "வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அறிவுறுத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டார்." அவ்வளவுதான். வெளிநாடு என்றால் சோழிங்கநல்லூர். ஊழியர் என்றால் யார் என்று எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ரெக்ஸ்லினை நான் பார்த்ததில்லை. நாகர்கோவில் பெண். ஃபோனில் நான் குறுக்கே போனால் "அண்ணா, அங்க இன்னைக்கு எத்தன டிகிரி?" என்று கேட்பாள், சொன்னால் "அய்யோ" என்பாள். கோடையிலும் அதே "அய்யோ"தான். போன வருடம் யாரிடமோ ஒரு மூட்டை நேந்திரம் சிப்ஸ் கொடுத்தனுப்பினாள்.

"அந்தப் புள்ளையா பண்ணுச்சு?" என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

"ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒம்பதாந் தேதி ரிப்போர்ட்ட மூடிருவாங்க. அதோட அவளையும் எடுத்துருவாங்க" என்றாள். நான் கேட்டது அது இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் முடிந்துவிட்டது என்று கத்தியது, எழுந்து போனோம்.

ஜூலை 2, வெள்ளி

பூங்கொடி இன்று காலை ஆறு மணிக்கே எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஃபோன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. யார் என்று கேட்டேன், விளம்பரம் என்றாள்.

ஜூலை 5, திங்கள்

மர்யுத் குஷியாக வந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாராம். முகம் இருட்டில், குரல் மாற்றி. நாளைக்கு வெளியே ஓர் அறையில் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணிச் செய்தியில், ரிப்போர்ட் மூடும் அன்றே போட வேண்டும் என்கிறாள். குரல் மாற்றும் வேலை என்னுடையது. இந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாக அதைச் செய்ய ஆள் இல்லை, மர்யுத்தே சொன்னாள். யாரென்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. பூங்கொடி, "இந்த வாரம் பகல் ஷிப்ட்ல நீங்கதானுங்களே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று தோன்றவில்லை. ஊருக்கு ஃபோன் பேசத்தான் நேரம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 6, செவ்வாய்

படம் வந்தது. ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண், முகம் கறுப்பு. உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. சேரில் நுனியில்தான் உட்காருவாள். கல்யாணத்தில் மணவறையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். வளையலைக் கழற்றி வைத்திருந்தாள். ஹெட்ஃபோனை மாட்டினேன்.

ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். பின்லாந்தில் ஜனவரி நாலாம் தேதி எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். சென்னைக் கணிப்பொறியில் ஜனவரி ஒன்றாம் தேதியிலேயே முதல் வாரம் தொடங்கிவிடும். போன மூன்று வருடமும் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வந்தன. இந்த வருடம் ஜனவரி ஒன்று வெள்ளிக்கிழமை, பின்லாந்தின் முதல் வாரம் நாலாம் தேதி திங்கட்கிழமைதான் தொடங்கியது. அதனால் சென்னையின் இருபத்தாறு ஒரு வாரம் முந்திவிட்டது. இங்கே இருபத்தாறு என்றால் யுஹான்னுஸ் முடிந்த மறு வாரம். அங்கே யுஹான்னுஸ் வாரமேதான்.

"இது தெரிந்த விஷயம்தானா?" என்று மர்யுத் கேட்டாள்.

"அதனால்தான் வார எண்ணோடு தேதியும் எழுதி அனுப்ப வேண்டும். ஹெல்சிங்கியில் ஒருவர் எழுத மறந்துவிட்டார். சென்னைப் பெண் தனக்குச் சொன்னதைத்தான் செய்தாள்."

"அந்த ஒருவர் யார்?"

வளையல் இருந்த இடத்தைத் தடவினாள். "அது எனக்குத் தெரியாது" என்றாள்.

மர்யுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். காமிராக்காரரும் எழுந்து போனார். இந்தத் தொழிலில் இடைவேளையில் காமிராவை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினால் மறுபடி ஓடவிட மறந்துபோகும் என்று பயம். ஒவ்வொரு பேட்டியின் வாலிலும் இப்படி வெறும் நாற்காலியும் மூக்கு சொறிவதும் கிடக்கும். பார்ப்பது நான் ஒருத்தன்தான்.

பூங்கொடி காமிராவை நேராகப் பார்த்தாள். தமிழில் பேசினாள்.

இங்கே எழுதவில்லை. வேலை விஷயம். வாலை வெட்டுவது வழக்கம், வெட்டினேன். குரலை நாலு சுருதி கீழே இறக்கினேன், ஆண் குரல் மாதிரி. நன்றாக வந்தது. அவள் அம்மா கேட்டால்கூடக் கண்டுபிடிக்க மாட்டாள்.

ஜூலை 7, புதன்

முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தாள். உறைய வைத்த காய், பொட்டலம் பாக்கிஸ்தான் கடையில் வாங்கியது. இரண்டாம் முறை ஊற்றும்போது என் முகத்தைப் பார்த்தாள். உப்பு சரியாக இருக்கிறது என்றேன்.

"ஆபீஸ்ல வேலை அதிகங்களா?"

"வழக்கம்போலத்தான்."

"புதுசா ஒண்ணும் வரலீங்களா?"

"என்ன புதுசு?"

"ஒண்ணுமில்லீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு பேர் தட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

நான் யோசிப்பது தப்பில்லை. இங்கே வேலை போனால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ரெக்ஸ்லினுக்குச் சென்னையில் நூறு கம்பெனி. சின்ன வயசு. பேட்டி வெள்ளிக்கிழமை வரத்தான் போகிறது, அதிலேயே அவள்மேல் தப்பில்லை என்று வருகிறது. யாரோ ஒருவர் மறந்தார் என்றால் போதாதா. யார் என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது. பாவோவுக்குப் பேச்சு வந்துவிடுமா. இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8, வியாழன்

மத்தியானம் ரெக்ஸ்லின் என்னைக் கூப்பிட்டாள். முதல் தடவை. டிகிரி கேட்கவில்லை.

"அண்ணா, அக்கா போனே எடுக்க மாட்டேங்காங்க. ரெண்டு வாரமாச்சு. நாளைக்கு என்னக் கூப்பிட்டு எழுதி வாங்கப் போறாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் எடுக்காது அண்ணா, பேப்பர்ல எங்க நிறுவனம் பேரு வந்திருச்சு."

"சொல்லும்மா."

"தேதி இல்லியேன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்புதான். அத எங்க வேணா சொல்லுவேன். ஆனா முழுசும் என் தப்புன்னு எழுதச் சொல்லுதாங்க. அந்த ஆச்சி படகுல போனது எல்லாம் என் தப்புன்னு. அக்கா ஒரு வார்த்த சொன்னாப் போதும். எதுக்கு மாட்டேங்காங்கன்னு தெரியல. நான் என்ன தப்பா பேசிட்டேனா அண்ணா?"

நாளைக்கு டிவியில் வரும் என்று சொல்லக்கூடாது. சொல்லவில்லை. "பாக்கறேன்மா" என்றேன். ஃபோனை வைத்தபிறகு ஒரே படத்தை மூன்று தடவை வெட்டினேன். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் பூங்கொடியிடம் ரெக்ஸ்லின் பேசியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கறேன்னேன்."

"நீங்களுமா" என்றாள்.

ஜூலை 9, வெள்ளி

மூன்று மணிக்கு மர்யுத் வந்தாள். கையில் கேரட் இல்லை. நான் வாலை வெட்டினது என் தொகுப்பில்தான். மூலப்படம் சர்வரில் அப்படியே இருக்கும். சட்டத்துறை பார்ப்பதற்கு முன் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

"மௌலி, கடைசியில் அவர் என்னவோ பேசுகிறார். இது என்ன மொழி? நீ இந்தியாதானே?"

இந்தி மாதிரி இருக்கிறது, எனக்குத் தெரியாது என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்தக் கட்டடத்தில் என்னை மறுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது. நாலு மணி நேரம் கழித்துச் செய்தி ஓடும், ரெக்ஸ்லின் எதிலாவது கையெழுத்துப் போடுவாள், நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்போம். பூங்கொடி என் முன்னால் தட்டை வைப்பாள், நான் உப்பு சரியாக இருக்கிறது என்பேன். இன்னும் முப்பது வருடத்துக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருப்பேன்.

"போடு" என்றேன்.

போட்டாள். அந்த இருட்டு முகம் என்னைப் பார்த்தது.

"என்னங்க."

மர்யுத் நிறுத்தினாள். "இதற்கு என்ன அர்த்தம்?"

"மனைவி கணவனைக் கூப்பிடுவது."

"யாரைக் கூப்பிடுகிறார்?"

"என்னை" என்றேன்.

மர்யுத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி ஓடவிட்டாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இப்போது இங்கே எழுதலாம்.

"என்னங்க. இத நீங்கதான் பாப்பீங்கன்னு தெரியும். அதுக்காகத்தான் இந்த வாரம் வந்தேன். அந்த ஒருத்தர் நாந்தானுங்க. தேதி எழுதோணும்னு நெனச்சேன், அவசரத்துல விட்டுப்போச்சு. இங்கிலீஷ்ல இவகிட்ட சொல்லிப்போடலாம்னுதான் உக்காந்தேன். வாய் வரைக்கும் வருது, வர மாட்டேங்குது. வீட்ல உங்ககிட்டயும் அப்படித்தான். அந்தப் பாட்டி மொகத்த நீங்க போட்டுக் காட்டுனீங்களே, அன்னைல இருந்து தூக்கமில்ல. ரெக்ஸ்லின் போன எடுத்தா என்ன பேசறதுன்னு தெரியல. நீங்க சொல்லீருங்க. வெட்டிப்போட்டாலும் செரி, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா என்னால சொல்ல முடியல, அதுனால உங்கள சொல்லச் சொல்றேன்."

அப்புறம் கதவு திறக்கும் சத்தம், தண்ணீர் டம்ளர்.

ஏன் அவசரம் என்று மர்யுத் கேட்டாள். ஒரு ரயிலுக்குப் போக வேண்டியிருந்தது என்றேன். அவசரப்படுத்தியது யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இதை எப்போது பார்த்தாய்?"

"செவ்வாய்க்கிழமை."

"இனிமேல் இந்தப் படத்தை நீ வெட்டக்கூடாது, தெரியும்தானே."

"தெரியும்."

எழுந்தேன். கோடைக்கால வேலைக்கு வந்த பையன் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். மாடி ஏறினேன். மூன்றாம் மாடிக் கண்ணாடிக் கதவு என் அட்டைக்குத் திறக்காது. தட்டினேன். வரிசையாக இருந்த தலைகள் திரும்பின. அவளும் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து உள்ளேயிருந்து கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் கதவுக்கு நடுவே நின்றோம்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுங்களா?"

"எல்லாத்தையும். மூணு நாள் லேட்டு."

அவள் என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல்தான். நானும் அழுதேன். பின்லாந்துக்காரர்கள் எல்லாரும் மரியாதையாகக் கணிப்பொறியைப் பார்த்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானே போயி நேராச் சொல்லிப்போடறேன். இருட்டெல்லாம் வேண்டாம்" என்றாள்.

"வேலை போயிரும் பூங்கொடி."

"தெரியுங்க. யாரு வெட்டறாங்க, நீங்களா?"

"இல்ல. ஒரு சின்னப் பையன்."

"நல்லா வெட்டுவானா?"

"சுமாரா வெட்டுவான்" என்றேன்.

ஜூலை 12, திங்கள்

வெள்ளி ஏழு மணிச் செய்தியில் வந்தது. முகத்தோடு, சொந்தக் குரலில். "அந்த ஒருவர் நான்தான்" என்று சொல்லும்போது பார்வை கொஞ்சம் கீழே போய்விட்டது. பையன் அதை வெட்டாமல் வைத்திருந்தான். நானாக இருந்தால் வெட்டியிருப்பேன்.

இன்று காலை அவளுடைய மேலாளர் ஏரோ அழைத்து, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏன் சொல்லவில்லை என்று. பதில் இன்னும் எழுதவில்லை. பூங்கொடி அவுனேவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவர் சம்மதித்தால்தான். மர்யுத் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

சாயங்காலம் ரெக்ஸ்லின் ஃபோன். முதல் மணியிலேயே பூங்கொடி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்கட்டும் என்று.

"அக்கா, வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஒரு மெமோ மட்டும் குடுத்தாங்க, தேதி கேக்கலன்னு."

"செரிம்மா."

"டிவில பேசுனத லிங்க் அனுப்புனாங்க, பாத்தேன். தேங்க்ஸ்க்கா."

"அதெல்லாம் வேண்டாம் ரெக்ஸ்லின்."

பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா. ரெண்டு வாரம் நீங்க என் போன எடுக்கல. எங்கம்மாட்டகூடச் சொன்னேன், அக்கா எடுப்பாங்க, அக்கா எடுப்பாங்கன்னு. அத என்னால மறக்க முடியாது."

"மறக்க வேண்டாம்" என்றாள் பூங்கொடி.

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. ஆனால் யாரும் ஃபோனை வைக்கவும் இல்லை.